இரண்டு கிழமைக்கு 432 டொலர்தானே?

கேள்வி: எனக்கு 41 வயது, ஸ்காபரோவில் இருக்கிறோம். மனைவியின் தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டு 19 அடிப் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். கோடையில் எட்டுத் தரமாவது லேக் சிம்கோவுக்குக் கொண்டுபோக விருப்பம். எங்கள் 2022 வான் இழுக்காது. டீசல்தான் சரி என்று மச்சான் 2017 ஃபோர்ட் எஃப்-250 ஒன்று பார்த்து வைத்திருக்கிறார், 48,000 டொலர். வானில் இன்னும் 31,000 கடன், 5 வருடம் கட்ட வேண்டும். டீலர் வானை 24,000க்கு எடுத்து, மிச்சத்தைப் புது லோனில் சேர்த்துத் தருகிறாராம்: 84 மாதம், 9 வீதம். இப்போது இரண்டு கிழமைக்கு 270 கட்டுகிறேன், இனி 432. போன முறையும் பழைய கொரோலாவின் 5,000 கடனை இப்படித்தான் வானில் சேர்த்தார்கள், பிரச்சினை வரவில்லை. மனைவிக்குத்தான் பயம். இந்த ட்ரக் நல்லதா?

பதில்: உங்கள் மனைவிக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் கேட்டது ட்ரக்கைப் பற்றி. எனக்குக் கண்ணில் குத்தியது ‘மிச்சத்தைச் சேர்த்துத் தருகிறாராம்’ என்ற வரி. ட்ரக் 48,000, வானுக்குத் தருவது 24,000, வித்தியாசத்துக்கு 13 வீத வரி ஏறத்தாழ 3,100. அதன்மேல் வானின் கடன் 31,000. நீங்கள் கையெழுத்துப் போடப்போவது 58,000 டொலருக்கு. 9 வீதத்தில் 84 மாதம் கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது 78,000க்கு மேல். ஏழு வருடம் கழித்து அந்த ட்ரக்குக்குப் பதினைந்து, பதினாறு வயது.

வானின் விலைக்கும் கடனுக்கும் இடையில் இருக்கிற 7,000 பள்ளத்துக்குள் அந்தக் கொரோலாவின் காசும் கிடக்கிறது. அந்தக் கார் இன்று எந்த உடைசல் யார்டில் நிற்கிறதோ, அதற்கு நீங்கள் இன்னும் வட்டி கட்டுகிறீர்கள். பிரச்சினை வரவில்லை என்கிறீர்களே, அது வந்து உங்கள் வானுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது, தம்பி. இனி ட்ரக்குக்கு மாறி உட்காரப் போகிறது.

டீலர்கள் ஏன் மாதக் கணக்குச் சொல்வதில்லை தெரியுமா? 432ஐ நீங்கள் மனதில் இரண்டால் பெருக்கி மாதம் 864 என்று நினைப்பீர்கள். வருடத்துக்கு 26 கட்டு. மாதத்துக்கு 935 வருகிறது. இப்போது கட்டுவதைவிட வருடத்துக்கு 4,200 கூட. எட்டுப் பயணத்துக்குப் பிரித்தால், டீசல் அடிக்க முன்னமே ஒவ்வொரு தரமும் 525 டொலர். வானின் கடன் 5 வருடத்தில் முடிந்திருக்கும், இது அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இழுக்கும்.

வீட்டை ஈடு வைத்து எடுக்கும் லைன் ஒஃப் கிரெடிட்டில் எடுத்தால் வட்டி குறைவு என்று யாராவது நண்பர் சொல்லுவார், இப்போது அதுதான் பாஷன். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு இருக்கலாம், முதல் அப்படியே நிற்கும். ட்ரக் துருப்பிடிக்கும், கடன் துருப்பிடிக்காது. வீட்டைக் கொண்டுபோய் அதற்குள் வைக்காதீர்கள்.

சரி, டீசலுக்கு வருவோம். 19 அடிப் படகு என்ஜினோடு ஏறத்தாழ 2,700 இறாத்தல், ட்ரெய்லர் 900, 130 லீற்றர் பெற்றோல் 210, நங்கூரம், பற்றரி, ஐஸ் பெட்டி, பிள்ளைகளின் சாமான் எல்லாம் ஒரு 400. மொத்தம் 4,200 இறாத்தல். பெரும்பாலான வான்களின் எல்லை 3,500, ஆகவே வான் இழுக்காது என்பது உண்மை. ஆனால் இழுவைப் பொதியோடு வந்த சாதாரண எஃப்-150 அல்லது சில்வராடோ, பெற்றோல் என்ஜினோடு, இதைச் சிரமமில்லாமல் இழுக்கும். எஃப்-250 டீசல் 10,000 இறாத்தலுக்கு மேல் நாளாந்தம் இழுப்பவனுக்கு.

நீங்கள் வேலைக்கு 10, 12 கிலோமீற்றர் ஓடுகிறவர் என்றால் டீசல் அதைவிட மோசம். புகைபோக்கியில் இருக்கும் கரி வடிகட்டி நீண்ட ஓட்டத்தில் சூடேறித்தான் தன்னைச் சுத்தம் செய்யும். குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ‘டிலீட் செய்த வண்டி’ என்று பெருமையாக விற்பார்கள். ஒன்ராறியோவில் அது சட்டவிரோதம். 2011இல் வந்த, இந்த எஃப்-250இல் இருக்கும் 6.7 லீற்றர் டீசல் என்ஜினில் இருப்பது சிபி4 என்ற உயர் அழுத்த எரிபொருள் பம்ப். அது உள்ளே தேய்ந்து உடைந்தால் இரும்புத் தூள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடும், எல்லாவற்றையும் மாற்ற 10,000 டொலர் தாண்டும். ஜிஎம் 2017இல் தன் டீசலில் அந்தப் பம்பை விட்டுவிட்டது. ராம் ட்ரக் கொம்பனி 2019, 2020 வண்டிகளில் போட்டுவிட்டுப் பிறகு திருப்பி அழைத்து மாற்றியது.

போன வைகாசி ஒருவரோடு ஓஷாவாவில் ட்ரக் பார்க்கப் போனேன். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ற், கண்ணாடி மாதிரி. சின்னச் சுத்தியலால் ட்ரக்கின் அடி இரும்புச் சட்டத்தைத் தட்டிக்கொண்டு போனோம். முன்னுக்கு ‘டங்’ என்று கேட்டது. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் ‘பொதக்’. இரண்டாவது தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. உப்பு வீதியில் எட்டுப் பனிக்காலம் கண்ட எந்த ட்ரக்கையும் அப்படித் தட்டாமல் வாங்காதீர்கள். தனியாரிடம் வாங்கினால் ஒன்ராறியோவின் பழைய வாகனத் தகவல் பொதியை விற்பவர் தரவேண்டும், வண்டியில் வேறு யாருடைய கடனாவது ஏறியிருக்கிறதா என்று அதில் தெரியும்.

இந்த வருடம் ஒன்றும் வாங்காதீர்கள். சிம்கோ கரையில் இரண்டு மூன்று மரீனாக்களுக்குப் போன் எடுத்து, கோடை முழுக்கப் படகை நிறுத்த எவ்வளவு என்று கேளுங்கள். 3,000 என்றே வைப்போம், மச்சானோடு பாதி என்றால் உங்களுக்கு 1,500. வானிலேயே போய் இறங்கலாம். ட்ரக்குக்குக் கூடக் கட்டவிருந்த 4,200இல் மிஞ்சுகிற 2,700ஐ வானின் கடனில் கூடுதலாகக் கட்டுங்கள், அபராதம் இல்லாமல் எவ்வளவு கட்டலாம் என்று வங்கியில் முதலே கேட்டுவிட்டு. பள்ளம் மூடி, வானின் விலை கடனுக்கு மேலே வந்த பிறகு பெற்றோல் ட்ரக் ஒன்று பார்க்கலாம், அதுவும் பழைய கடனைச் சேர்க்காமல்.

ட்ரக் உங்கள் பெயரில், லோன் உங்கள் பெயரில், படகு மட்டும் இருவருக்கும். படகின் காப்புறுதி யார் பெயரில் என்று கடிதத்தில் காணவில்லை. மச்சான் அடுத்த முறை எஃப்-250 படம் அனுப்பும்போது அதைக் கேளுங்கள்.