ஹைக்குவுக்கு ஒலி டிரைவர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சில வருடங்களாக ஹைக்கு இயங்குதளத்தின் ஒலி டிரைவரில் (ஒலி வன்பொருளை இயக்கும் நிரல்), அதிலும் பெரும்பாலும் இன்டெல் எச்டிஏ என்ற ஒலி வன்பொருள் தரத்துக்கான பகுதியில் கை வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை நேரம் போக மிஞ்சும் நேரத்தில்தான். கேள்விகள் நிறைய வந்ததால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, சி, சி++ இரண்டும் ஓரளவு வரும், கர்னல் பக்கம் போனதே இல்லை. ஒலி டிரைவரில் தொடங்குவது சரியா?

சரிதான், நல்ல இடம்கூட. கோப்பு அமைப்பில் தப்பு செய்தால் தரவு போய்விடும். ஒலியில் தப்பு செய்தால் பெரும்பாலும் சத்தம் வராது, அவ்வளவுதான். ஹைக்கு 2001-இல் பிஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தின் வாரிசாகத் தொடங்கிய திட்டம். பிஓஎஸ்ஸே ஒலி, ஒளி வேலைக்கென்று பேர் வாங்கியது என்பதால் மீடியா கிட் என்ற ஒலி, ஒளி நிரல் தொகுப்பு நன்றாக யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. மேலே பல நிரல்களின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் முதலியவை அதில் நடக்கும், கீழே இயங்குதளத்தின் மையமான கர்னலில் உங்கள் டிரைவர், இரண்டுக்கும் நடுவே 'மல்டி ஆடியோ' என்ற இடைமுகம். அதில் முக்கியமான அழைப்பு ஒன்றே ஒன்று, பஃபர் (ஒலித் தரவு காத்திருக்கும் நினைவகத் துண்டு) பரிமாற்றம். 'இந்த பஃபர் தீர்ந்தது, அடுத்ததை நிரப்பு' என்று டிரைவர் சொல்லும் இடம் அது. அதைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. முதலில் எச்டிஏவுக்கு முந்தைய தரமான ஏசி97-இன் டிரைவரைப் படியுங்கள், சின்னது.

கியூஎமு மெய்நிகர் கணினியில் என் மாற்றம் அருமையாகப் பாடுகிறது. அதே மாற்றத்தை மடிக்கணினியில் போட்டால் அமைதி. சிஸ்லாகில் (இயங்குதளத்தின் பதிவேடு) ஒரு பிழையும் இல்லை, இன்டரப்டும் ஒழுங்காக வருகிறது. எங்கே தேடுவது?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, நானும் இதில்தான் அதிக இரவுகளைத் தொலைத்திருக்கிறேன். இன்டரப்ட், அதாவது வன்பொருள் செயலியைத் தட்டி அழைக்கும் சைகை, வருகிறது என்றால் தரவு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பஃபரிலிருந்து எச்டிஏ கன்ட்ரோலர் டிஎம்ஏ வழியாக (செயலியின் உதவியின்றி நேராக) எடுத்து இணைப்பில் தள்ளுகிறது. அதற்கப்புறம் தரவை ஒலியாக மாற்றும் கோடெக் சிப்புக்குள் என்ன ஆகிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது, அதற்குக் கவலையும் இல்லை.

கோடெக்கின் உள்ளே ஒரு சின்ன மரம் இருக்கிறது. டிஜிட்டலை அனலாக் ஆக்கும் டாக், மிக்ஸர், கடைசியில் வெளியே போகும் பின். பல ரியல்டெக் சிப்களில் 16 அடிமான எண்ணில் டாக் 02, மிக்ஸர் 0சி, பின் 14 என்று பார்க்கலாம். அந்தப் பாதையில் ஒவ்வொரு முனையும் திறந்திருக்க வேண்டும், நடுவில் எங்கே ஒரு மியூட் விழுந்திருந்தாலும் எல்லாம் போச்சு. கியூஎமுவின் போலிக் கோடெக்கில் இருப்பது நான்கைந்து முனைகள்தான், எல்லாம் சொன்னபடி கேட்கும். நிஜ மடிக்கணினி அப்படியில்லை.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் டாக்குக்குக் கொடுத்த ஸ்ட்ரீம் எண்ணும் (எந்த ஒலி ஓட்டத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் எண்) கன்ட்ரோலரில் எழுதிய எண்ணும் ஒன்றா, அது 0 இல்லையா என்று பார்ப்பேன், ஏனென்றால் 0 என்றால் 'எதையும் கேட்காதே' என்று அர்த்தம். அப்புறம் பின்னின் வெளியீட்டு பிட் போட்டிருக்கிறதா. அப்புறம் ஈஏபிடி. இது வெளியே உட்கார்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் தரும் பிட், 70சி என்ற கட்டளையில் போகும். ஒரு மடிக்கணினியில் மூன்று இரவு மரத்தை மேலும் கீழும் அளந்துவிட்டு, கடைசியில் இந்த ஒரு பிட்டைப் போட்டதும் முழு ஒலியளவில் அலறியது. இரவு ஒரு மணி. வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சோதிக்கும்போது ஒலியளவைக் குறைத்து வையுங்கள், இது அனுபவம்.

அதுவும் சரி என்றால் கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு பின்னும் எதனுடன் இணைந்திருக்கிறது என்பதை பயாஸ்தான் ஒரு ரெஜிஸ்டரில் எழுதி வைக்கிறது. இணைப்பே இல்லை என்று அது சொல்லும் பின்னில் ஸ்பீக்கர் இருப்பதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மாதிரிகளுக்கு டிரைவரில் விதிவிலக்குப் பட்டியல் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அழகாக இருக்காது.

பாட்டு வருகிறது, ஆனால் பாடுபவர் அவசரத்தில் இருப்பது போல, குரலும் கொஞ்சம் உயர்ந்து கேட்கிறது சார்.

நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று பதிவான தரவை 48,000 வேகத்தில் ஓட்டுகிறீர்கள். சுமார் 9 சதவீதம் கூடுதல் வேகம், ஒன்றரை அரைச்சுரம் உயரம். இந்த வேகத்தையும் பிட் அளவையும் சொல்லும் வடிவ எண்ணை கன்ட்ரோலரின் ஸ்ட்ரீம் ரெஜிஸ்டரிலும் கோடெக்கின் டாக்கிலும் என்று இரண்டு இடத்தில் எழுத வேண்டும், மீடியா கிட்டுக்குச் சொன்னதும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும். இன்னொரு உறவினர்ப் பிழையும் உண்டு. ஒலி வரும், ஆனால் காதை ஸ்பீக்கரில் ஒட்டினால்தான் கேட்கும். 24 பிட் மாதிரியை 32 பிட் இடத்தில் வைக்கும்போது மேல் பக்கம் ஒட்டி வைக்க வேண்டும். கீழே ஒட்டிவிட்டால் 256 மடங்கு சிறிதாகிவிடும், அதாவது 48 டெசிபல் போய்விட்டது.

கடகடவென்று விட்டு விட்டு வருகிறது. பஃபரைப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா?

மறைந்துவிடும், சரியாகாது. 48,000 வேகத்தில் 512 ஃபிரேம் (எல்லாச் சேனலுக்கும் ஒவ்வொரு மாதிரி சேர்ந்தது ஒரு ஃபிரேம்) என்பது 10.7 மில்லிநொடி. இரண்டு பஃபர் வைத்திருந்தால் ஒன்று ஓடும் அந்த நேரத்துக்குள் மற்றதை நிரப்பியாக வேண்டும். மீடியா கிட்டின் மிக்ஸர் அதைத் தவறவிடுகிறதா, அல்லது டிரைவரே தாமதமாகச் சொல்கிறதா என்று முதலில் பிரியுங்கள். இன்டரப்ட் வந்த நேரங்களை நினைவகத்தில் ஒரு பட்டியலில் சேர்த்துவைத்து அப்புறம் அச்சடியுங்கள். ஒவ்வொரு இன்டரப்டிலும் சிஸ்லாகுக்கு எழுதினால் அந்த எழுத்தே தாமதத்தை உண்டாக்கும், நோயைப் பார்க்கப்போய் நோயைத் தந்த கதை.

இடைவெளி ஒழுங்காக இருந்தும், பழைய துண்டுகள் திரும்பக் கேட்கிற மாதிரி கரகரப்பு இருந்தால் அது வேறு விஷயம். சில சிப்செட்களில் எச்டிஏ கன்ட்ரோலர் செயலியின் கேச்சை (அதன் தற்காலிக நினைவகம்) பார்க்காமல் நேரே நினைவகத்திலிருந்து படிக்கும். நீங்கள் எழுதியது இன்னும் கேச்சில் இருக்கும், அது பழையதை எடுத்துக்கொண்டு போகும். கன்ட்ரோலரின் பிசிஐ ரெஜிஸ்டரில் 'நோ ஸ்னூப்' (கேச்சைப் பார்க்காதே) பிட்டை அணைக்க வேண்டும். ஹைக்கு டிரைவரில் சில சிப்செட்களுக்கு இது ஏற்கெனவே இருக்கிறது, உங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம்.

லினக்ஸில் எல்லா மடிக்கணினிக்கும் திருத்தம் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

கூடாது. அது ஜிபிஎல் உரிமம், அந்த நிரலைச் சேர்த்தால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஹைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாத எம்ஐடி உரிமம். 'இந்தச் சிப்பில் இந்தப் பின்னை எழுப்ப வேண்டும்' என்ற தகவலைத் தெரிந்துகொள்வது வேறு, நிரலை வெட்டி ஒட்டுவது வேறு. படிக்க வேண்டுமென்றால் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் பக்கம் போங்கள், உரிமச் சிக்கல் இல்லை. ஆனால் ஹைக்குவில் ஃப்ரீபிஎஸ்டி டிரைவர்களை ஓட்டும் ஒட்டு அடுக்கு நெட்வொர்க்குக்கானது, ஒலிக்கு உதவாது. கையால்தான் எழுத வேண்டும்.

டிரைவரைப் போட்டதும் கணினி நின்றுபோய் கர்னல் டீபக்கரில் (பிழை ஆராயும் திரை) விழுந்துவிடுகிறது. பூட்டே ஆகவில்லை.

பூட் மெனுவில் பயனர் ஆட்-ஆன்களை முடக்கும் தேர்வு இருக்கிறது. உங்கள் சோதனை டிரைவரை ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் 'நான்-பேக்கேஜ்டு' பகுதியில் வைத்திருந்தால் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடலாம். காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல்) பயனர் நினைவகத்தைத் தொட்டிருப்பீர்கள். அங்கே நேரத்தையும் ஃபிரேம் எண்ணிக்கையையும் குறித்துவிட்டு செமஃபோரை (காத்திருக்கும் த்ரெட்டை எழுப்பும் சைகை) விடுவித்து உடனே வெளியேறுங்கள். நினைவகம் ஒதுக்குவது, பயனருக்கு நகலெடுப்பது எல்லாம் காத்திருக்கும் த்ரெட் பார்த்துக்கொள்ளும்.

புது மடிக்கணினி, உள்ளே இருக்கும் மைக் வேலை செய்யவில்லை. எப்போது வரும்?

வருத்தமான பதில். அண்மைக் கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் அந்த மைக் கோடெக்கில் இல்லை, டிஎஸ்பி என்ற தனி ஒலிச் செயலியில் மாட்டியிருக்கிறது. அதற்கு ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் நிரல்) ஏற்றி, அதனுடன் செய்தி பரிமாறி என்று கிட்டத்தட்ட இன்னொரு டிரைவரே வேண்டும். ஓர் ஆள் மாலை நேரத்தில் முடிக்கிற காரியமில்லை. ஹெட்செட் மைக்கைச் சொருகிப் பாருங்கள், அது கோடெக் வழியே வருவதால் வாய்ப்பு அதிகம்.

எனக்கு நிரல் எழுத வராது, ஆனால் பழைய மடிக்கணினி நான்கு இருக்கிறது. ஏதாவது பயன் உண்டா?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நான்கிலும் ஹைக்குவின் பீட்டா 5 பதிப்பை யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, சிஸ்லாகில் எச்டிஏ என்று தொடங்கும் வரிகளை எல்லாம் வெட்டாமல் அனுப்புங்கள். அதே கணினியில் லினக்ஸ் இருந்தால் அதன் கோடெக் விவரக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள், முனை முனையாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 'சத்தம் வரவில்லை' என்று மட்டும் எழுத வேண்டாம், எந்த ஓட்டையில் வரவில்லை என்று எழுதுங்கள்.