ஹெரால்டா, ஃபியட்டா?

கேள்வி: தாத்தாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஷெட்ல நிக்குது. சித்தப்பாகிட்ட அதே காலத்து ஃபியட் 1100 இருக்கு. ரெண்டுல ஒண்ணைத்தான் ரெடி பண்ண முடியும். எது நல்லா ஓடும்? ஹெரால்டு வளைவுல கவுந்துடும்னு பயமுறுத்துறாங்களே, நிஜமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இழுவைதான் முக்கியம்னா ஃபியட்தாங்க. அது 1089 சிசி, சுமார் 40 ஹெச்பி. வண்டலூர்ல தயாரான உங்க ஹெரால்டு 948 சிசி, 35 ஹெச்பி கிட்ட. ஃபியட் கொஞ்சம் வெயிட்டும் கூட, அதனால ஒருத்தர் ரெண்டு பேரா போறப்ப வித்தியாசம் அவ்வளவா தெரியாது, ஆனா நாலு பேரு லக்கேஜோட ஏத்தத்துல ஏறுனீங்கன்னா ஹெரால்டுல சீக்கிரமே கியர் குறைக்க வேண்டி வரும். 1959ல இங்கிலாந்துல புதுசா வந்தப்பவே அது 0-லருந்து 96 கிலோமீட்டர் வேகம் தொட அரை நிமிஷம் எடுத்துக்கிட்ட வண்டி.

கவுந்துடும்ங்கிறது சும்மா கிளப்பி விட்டது இல்ல, காரணம் இருக்கு. ஃபியட்ல பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே நீள ஆக்சில், ரெண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை பட்டையா அடுக்குன வில்லு. ஹெரால்டுல குறுக்க ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங்தான், நடுவுல சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியல்லருந்து ரெண்டு சக்கரமும் தனித்தனியா மேலயும் கீழயும் ஆடும், ஸ்விங் ஆக்சில்னு சொல்வாங்க. வளைவுல வேகமா போயிட்டு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுட்டா இல்ல பிரேக்கை மிதிச்சுட்டா வண்டியோட பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ள மடங்கும், பிடிமானம் போயிடும். அடுத்து வந்த ஸ்டாண்டர்டு கெஸல் மாடல்ல கம்பெனியே இதை எடுத்துட்டு ஒரே ஆக்சிலா போட்டாங்க. அதனால வளைவுக்கு முன்னாடியே வேகத்தை குறைச்சுட்டு, திரும்புறப்ப லேசா ஆக்சிலரேட்டர் குடுத்துக்கிட்டே போங்க, பின் டயர்ல முன் டயரைவிட காத்து அதிகமா வைங்க, இப்படி ஓட்டுனா பயமே வேண்டாம்.

ஆனா டவுனுக்குள்ள ஹெரால்டு மாதிரி ஒரு வண்டி கிடையாதுங்க! சுமார் 25 அடிக்குள்ள முழுசா திரும்பிடும், பெரிய கடைவீதி சந்துல ஃபியட் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு நிக்கிற இடத்துல இது ஒரே திருப்புல வந்துடும். ஃபியட்ல ஸ்டியரிங் பக்கத்துல கியர், இதுல கீழ ஃப்ளோர் கியர், எனக்கு இதுதான் பிடிக்கும். பானெட்டைத் தூக்குனா மட்கார்டோட முன்பக்கம் மொத்தமும் சாஞ்சு திறந்துக்கும், டயர் மேல உக்காந்தே கார்ப்பரேட்டர் கழட்டலாம்.

செலவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வண்டியையும் ஜாக்கி போட்டு தூக்கி அடில ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. ஃபியட்டுக்கு தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம் இல்ல, பாடிதான் பலமே, அதனால ஃப்ளோரும் கதவுக்கு கீழ உள்ள தகடும் அரிச்சிருந்தா வேலை ரொம்ப இழுத்துடும். ஹெரால்டுல பாடியை போல்ட் கழட்டி தனியா இறக்கிட்டு சேசிஸை சரி பண்ணிக்கலாம். ஃபியட் அடி கெட்டியா இருந்து, அடிக்கடி ஹைவேஸ்ல போறவரா இருந்தா அதையே எடுங்க. ஊருக்குள்ள ஓட்டத்தான்னா தாத்தா வண்டியை விட்டுடாதீங்க.