பழம் நீட்டும் கையும் ஏந்தும் கையும்

கேள்வி: ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றில் சித்திரம் கற்பிக்கிறேன். ஆங்கில ஓவியர் ஜோன் எவரெட் மில்லே வரைந்த ‘விறகுவெட்டியின் மகள்’ ஓவியத்தைத் தரம் 10 மாணவர்களுக்குக் காட்டி, காட்டில் சந்தித்த இரு பிள்ளைகளின் கள்ளமற்ற நட்பு என்று விளக்கினேன். ஒரு மாணவி எழுந்து, “அவன் பழம் குடுக்கல்ல டீச்சர், தொர வீட்டுப் புள்ள மாதிரி போடுறான்” என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி சொன்னதே ஓவியத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. தோட்டத் தொழிலாளரின் லயத்தையும் துரையின் பங்களாவையும் ஒரே மலையில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபட்டதில் வியப்பில்லை.

அவளிடமே காரணம் கேளுங்கள். அந்தச் சிறுவனின் சிவப்பு உடை பச்சைக் காட்டில் எங்கும் ஒட்டவில்லை. விறைப்பாக நின்றபடி அவன் கையை மட்டும் நீட்டுகிறான். சிறுமியோ இரண்டு கைகளையும் ஏந்துகிறாள். பின்னால் அவளுடைய தகப்பன் வேலையில் மூழ்கியிருக்கிறான். ஒரு பிள்ளைக்கு உலாவும் இடமான காடு, மற்றப் பிள்ளைக்குத் தகப்பனின் வேலைத்தளம். கையில் இருப்பது ஸ்ட்ரோபெரி. நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளுக்கு விற்பதைக் கண்ட பிள்ளைகளுக்கு அதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை. பழம் கிடைக்காத பருவத்தில் மில்லே அதை லண்டன் கொவென்ட் கார்டன் சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்கி, பார்த்து வரைந்தார் என்பார்கள்.

சிறுமியின் முகத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். 1851இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தின் அந்த முகத்தை, மில்லே 1886இல் திருத்தி வரைந்தார். இளைஞனாக அவர் கண்ட முகம் இன்று நமக்குக் கிடைப்பதில்லை. கைகளை நம்புவதே பாதுகாப்பு.

இந்த ஓவியத்துக்கு அடிப்படையான கவிதையைக் கடைசியில் சொல்லுங்கள். ஆங்கிலக் கவிஞர் கொவென்ட்ரி பட்மோர் எழுதிய அக்கவிதையில், பண்ணையாரின் மகனும் விறகுவெட்டியின் மகளும் வளர்ந்து காதல் கொள்கிறார்கள். அந்தஸ்து குறுக்கே நிற்க, அவள் தன் குழந்தையை நீரில் மூழ்கடித்துப் புத்தி பேதலிக்கிறாள். தரம் 10க்கு, வர்க்க வேற்றுமையால் அவர்களுக்குத் திருமணம் கைகூடாமல் அவள் வாழ்வு சிதைந்தது என்ற அளவு போதும். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால், பிள்ளைகள் ஓவியத்தைப் பார்ப்பதை விட்டுக் கதையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் விளக்கத்தையும் முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. சிறுவன் கடுகடுத்த குரலில் பழம் கொடுத்ததாகவும், அவள் கூச்சமின்றி வாங்கிக்கொண்டதாகவும், அதனால் விலகல் மெல்லக் குறைந்ததாகவும் அதே கவிதை கூறுகிறது. நட்பு இருக்கிறது, ஆனால், இந்தக் கணத்தில் அது சிறுமியின் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. ஆகவே, விடைத்தாளில் ‘நட்பு’ என்று எழுதும் பிள்ளை அந்த ஏந்திய கைகளைச் சான்றாகக் காட்டினால், தயங்காமல் புள்ளி கொடுங்கள். உங்கள் மாணவிக்குக் கொடுக்கும் அளவு வேண்டாம்.