தங்கச்சியை மட்டும் ஏன் மறித்தீர்கள்?

கேள்வி: வன்னியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். பெண்கள் விடுதிக்கு வாங்கப்போகும் விரல் அடையாள இயந்திரம் பாதுகாப்பானதா, சட்டத்துக்கு உட்பட்டதா என்று அறிக்கை தரும் பொறுப்பு எனக்கு. விலைமனு கொடுத்தவர் என் பெரியம்மாவின் மகன். பாதுகாப்புக் கேள்விக்கொத்தை அண்ணாவே நிரப்பித் தந்துவிட்டார். நான் ஒப்பம் வைத்தால் போதும். இடம்பெயர்ந்த காலத்தில் எங்களை வைத்துப் படிப்பித்தவ பெரியம்மா. இயந்திரம் இரண்டு கிழமையாகப் பரீட்சார்த்தமாக ஓடுகிறது. என் தங்கச்சியும் அந்த விடுதியில்தான். அவளை மட்டும் இப்போதைக்கு விரல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணாவின் மனம் நோகாமல் அறிக்கையை எப்படி எழுதலாம்?
– பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: தம்பி, தங்கச்சியை மறித்த அன்றைக்கே உங்கள் அறிக்கை முடிந்துவிட்டது. இனி அதைப் பொய்யாக்க என்னிடம் வசனம் கேட்கிறீர்கள்.

ஏன் மறித்தீர்கள்? அண்ணா நிரப்பிய பதில்களில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை. அதே விடுதியில் ஒட்டுசுட்டான் பிள்ளையும் துணுக்காய்ப் பிள்ளையும் இருக்கிறார்கள். மறிப்பதற்கு அவர்களுக்குக் கணினிப் பிரிவில் ஓர் அண்ணன் இல்லை. பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் அந்தத் தகப்பன்மார் பிள்ளைகளை பஸ் ஏற்றி விட்டார்கள். இந்த விடயத்தில் பல்கலைக்கழகம் என்பது நீங்கள்தான். இரண்டு கிழமையாக அவர்கள் விரல் வைக்க வைக்கப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பெயர், வயது, குடும்ப விபரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதிந்து கொடுத்த சனம் நாங்கள். அந்தப் பட்டியல் எங்கே போகிறது என்று கேட்க அன்றைக்கு வாய் இல்லை. இன்றைக்கு அதைக் கேட்பதற்கென்றே உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். விரலை மாற்ற ஏலாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரல் அடையாளம் போன்ற உடல்சார் தரவுகளை விசேட வகையில் சேர்த்திருப்பதும் அதனால்தான். விற்கிறவர் கேள்விக்கொத்தை நிரப்புவதில் பிழையில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பாவிக்கும் ஹெக்வாட் என்ற பொதுக் கேள்விக்கொத்தையும் விற்கிறவர்தான் நிரப்புகிறார். ஆனால் ஒவ்வொரு ‘ஆம்’ இற்கும் ஆதாரம் கேட்கிற வேலை வாங்குகிறவருடையது. விரலின் படம் அப்படியே சேமிக்கப்படுகிறதா, அதிலிருந்து எடுத்த குறியீடு மட்டுமா? இயந்திரத்துக்குள்ளேயே நிற்கிறதா, வெளிநாட்டு சேர்வருக்குப் போகிறதா? அண்ணா கடையில் இருந்தபடி உள்ளே நுழைய முடியுமா? பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா? படித்து முடித்துப் போகிற பிள்ளையின் பதிவை யார் அழிப்பது? எல்லாவற்றுக்கும் முதல், விடுதிக்குள் வந்து போக விரல் எதற்கு? மாணவர் அட்டையும் ஒப்பப் புத்தகமும் போதாதா?

இதையெல்லாம் கேட்க வேண்டியவரும் இனி நீங்கள் இல்லை. விலைமனு கொடுத்தவர் சொந்தக்காரர் என்று பதிவாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். அரச கொள்வனவில் மதிப்பீடு செய்கிறவர் இப்படியான உறவை மறைக்கக்கூடாது. உங்கள் சந்தேகங்களையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பரீட்சார்த்தத்தை உடனே நிறுத்தவும், எடுத்த விரல் பதிவுகளை அழித்து, அழித்ததைப் பிள்ளைகளுக்கு அறிவிக்கவும் கேளுங்கள். திகதி போட்டு, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்கி, ஒரு பிரதியை உங்களிடம் வையுங்கள். வாயால் சொன்னது கந்தோரில் நிற்காது.

பெரியம்மாவின் கடன் பெரிய கடன்தான், நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெற்ற தாய்க்குச் செய்வதை அவவுக்கும் செய்ய வேண்டும். மருந்து, கூரைத் திருத்தம், கடைசிக்காலப் பராமரிப்பு எல்லாம் உங்கள் சம்பளத்தில் இருந்து போகட்டும். ஊரான் பிள்ளைகளின் விரலை எடுத்து அந்தக் கடனைக் கட்டாதீர்கள்.

கடிதம் கொடுத்த அன்றைக்குப் பின்னேரமே பெரியம்மா வீட்டுக்குப் போங்கள். அண்ணா போய்த் தன்பாட்டுக்குச் சொல்ல முதல், நடந்ததை அவ உங்கள் வாயால் கேட்க வேண்டும். அண்ணா கொஞ்சக் காலம் முகம் கொடுக்கமாட்டார். அதற்குப் பயந்து கடிதத்தில் ஒரு வரியையும் குறைக்க வேண்டாம்.