சுவர்ப் பக்கம் திரும்பிய படம்

வணக்கம் ஐயா,

அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் மேற்கு வர்ஜீனியா ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. இன்று அங்கே குடியரசுக் கட்சிதான் எல்லாம். அப்படியானால் கட்சிப் பற்று என்பதே பொய்தானா? அந்த மக்கள் ஏமாந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'ஏமாந்துவிட்டார்கள்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பற்று பொய்யும் இல்லை. அது விடுபட ரொம்ப நாள் ஆகும், அவ்வளவுதான்.

1932 முதல் 1996 வரை நடந்த 17 அதிபர் தேர்தல்களில் மூன்றில் மட்டும்தான் மேற்கு வர்ஜீனியா குடியரசுக் கட்சிப் பக்கம் போனது. 2000இல் குடியரசுக் கட்சியின் புஷ் அங்கே ஜெயித்தார். அதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு அங்கே அதிபர் தேர்தலில் வெற்றியே இல்லை. ஆனால் மாநிலச் சட்டமன்றம் 2014 தேர்தல் வரை ஜனநாயகக் கட்சியிடமே இருந்தது. 2012ஐப் பாருங்கள். ஒரே நாளில், அதிபர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் ராம்னியையும் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினையும் அதே மக்கள் ஜெயிக்க வைத்தார்கள். வாஷிங்டனில் இருக்கும் கட்சி அவர்களுக்கு அந்நியமாகிவிட்டது; முகம் தெரிந்த மான்சின் அப்போதும் 'நம்மாள்'. இயந்திரங்கள் வந்து சுரங்க வேலை குறைந்தது, தொழிற்சங்கம் தேய்ந்தது. கட்சியையும் வீட்டையும் இணைத்து வைத்திருந்ததே அந்தச் சங்கம்தான். அப்புறம் நிலக்கரியே வேண்டாம் என்கிற குரல் அதே கட்சியிலிருந்து கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

கறுப்பின மக்களின் கதை இதைவிட நீளம். அடிமைத்தனத்தை ஒழித்த லிங்கனின் கட்சி என்பதால் ஓட்டுரிமை கிடைத்த இடங்களிலெல்லாம் குடியரசுக் கட்சியோடு நின்றார்கள். 1932இல் ராபர்ட் வான் என்ற கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர், லிங்கன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் தீர்ந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். எவ்வளவு வலியோடு சொல்லியிருப்பார்! 1936இல் பெரும்பாலானவர்கள் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்குப் போட்டார்கள். அப்படியும் 1960இல் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு அவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் ஓட்டுப் போட்டார். இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்த கோல்ட்வாட்டர் 1964இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றபோதுதான் அந்தப் பழைய உறவு முறிந்தது.

சரி, வேகமாக மாறுவதே இல்லையா? டெக்சஸின் மெக்சிக எல்லையில் ஸ்டார் கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாரும் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழி வந்தவர்கள். 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரிக்கு அங்கே 79 சதவீத ஓட்டு; 2024இல் டிரம்ப் ஜெயித்தார். நூறு ஆண்டுக்கு மேலாகக் குடியரசுக் கட்சி எட்டாத இடம் அது. பலர் இதை நிரந்தர மாற்றம் என்கிறார்கள். நான் அவசரப்பட மாட்டேன். அங்கே உள்ளூர்ப் பதவிகளும் இரண்டு மூன்று தேர்தல்களில் கைமாறினால், அப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்புடன்.