மூன்றே புத்தகங்கள்: எட்வர்ட் பி. ஜோன்ஸ் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பி. ஜோன்ஸ் பற்றி நீங்கள் கேட்டிருந்தவற்றுக்கான பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நாவலின் கதை ஆங்காங்கே வெளிப்படும். அது வேண்டாம் என்பவர்கள் முதல் மூன்று பதில்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். இவர் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: 1950இல் வாஷிங்டனில் பிறந்தவர். 1992இல் 'லாஸ்ட் இன் தி சிட்டி' என்ற சிறுகதைத் தொகுப்பு, 2003இல் 'தி நோன் வேர்ல்ட்' நாவல், 2006இல் 'ஆல் ஆன்ட் ஹேகர்ஸ் சில்ட்ரன்' என்ற இரண்டாவது தொகுப்பு. நாவலுக்கு 2004இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இந்த நூற்றாண்டின் சிறந்த 100 புத்தகங்கள் என்று 2024இல் நியூயார்க் டைம்ஸ் போட்ட பட்டியலில் அதற்கு நான்காவது இடம். விருதுக் கணக்கை இதோடு விட்டுவிடலாம்.

ஆரம்பிக்க முதல் தொகுப்பிலுள்ள 'தி ஃபர்ஸ்ட் டே' கதையைத்தான் சொல்வேன். சில பக்கங்கள்தான். ஒரு சிறுமியை அவள் அம்மா முதல் நாள் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அம்மா ஆசைப்பட்ட பள்ளி அவர்கள் போகும் தேவாலயத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆனால் அவர்கள் வீடு அந்த எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த பள்ளியில் படிவம் தருகிறார்கள். அதை நிரப்பித் தரும்படி அம்மா முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கேட்கிறாள். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, மகள் பக்கத்தில் நிற்கும்போதே. அம்மாவை நினைத்து வெட்கப்படத் தான் கற்றுக்கொண்டதற்கு வெகு காலம் முந்தைய நாள் அது என்று மகள் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறாள். அதனால் பின்னால் வரும் ஒவ்வொரு சின்ன விவரமும் குத்துகிறது. ஜோன்ஸின் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

கேள்வி: வாஷிங்டன் என்றால் எனக்கு வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும்தான். இவர் கதைகளில் அரசியல் வருமா?

பதில்: நீங்கள் நினைக்கிற அரசியல் வராது. கல்லூரிக்குப் போனபோது கூடப் படித்தவர்களுக்கும் வாஷிங்டன் என்றால் அரசாங்கம் மட்டும்தான் தெரிந்திருந்தது என்று ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். 18 வயதுக்குள் 18 வீடு மாறி, அந்த ஊரின் கறுப்பர் தெருக்களில் வளர்ந்தவருக்கு அது உறுத்தியிருக்கும். டப்ளின் நகரத்து மனிதர்களை ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதியதுபோல் தன் ஊர்க்காரர்களை எழுத நினைத்தார். டாக்சி ஓட்டுபவர், மளிகைக்கடைப் பையன், தேவாலயப் பாடகிகள், பாட்டிகள் என்று போகும். முதல் தொகுப்பு ஒரு சிறுமியின் கதையில் தொடங்கி 86 வயது மேரியின் கதையில் முடிகிறது.

அந்த 'மேரி'யில் அரசாங்கம் எந்த உருவத்தில் வருகிறது பாருங்கள். அரசு உதவித்தொகை தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் கடிதம் போட்டு வரச் சொல்கிறது. போனால் உட்கார வைத்துவிடுகிறார்கள். கடைசியில் கிழவி வரவேற்பு மேசைப் பெண்ணை அறைந்துவிடுகிறாள். அறை வாங்கியவளும் கறுப்பினப் பெண்தான். இதைக் கைதட்டத்தக்க காட்சியாக எழுதியிருந்தால் சாதாரணக் கதை. ஜோன்ஸ் மேரியை வீட்டுக்கு அனுப்பி, அடுத்து என்ன வருமோ என்று நாள்கணக்காகப் பயந்துகொண்டிருக்க விடுகிறார்.

கேள்வி: இரண்டு தொகுப்புகளும் ஒன்றோடொன்று இணைந்தவை என்கிறார்களே, எப்படி?

பதில்: இரண்டிலும் 14 கதைகள். முதல் தொகுப்பின் முதல் கதைக்கும் இரண்டாவது தொகுப்பின் முதல் கதைக்கும் தொடர்பு உண்டு, நான்காவதற்கும் நான்காவதற்கும் உண்டு, இப்படியே போகிறது. சில இடங்களில் தொடர்பு பளிச்சென்று தெரியும், சில இடங்களில் தேட வேண்டும். முதல் தொகுப்பின் தொடக்கக் கதையில் மைல்ஸ் பேட்டர்சன் என்ற முடிதிருத்துபவர் ஓரமாக வந்து போவார், புறா வளர்ப்பவர். 14 வருடம் கழித்து வந்த தொகுப்பின் முதல் கதை 1901இல் நடக்கிறது. இளம் மனைவி ஒருத்தி மரத்தில் தொங்கும் மூட்டைக்குள் ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறாள். அந்தக் குழந்தைதான் மைல்ஸ்.

எனக்கு மிகப் பிடித்தது நான்காவது ஜோடி. 'யங் லயன்ஸ்' கதையில் சீசர் மேத்யூஸ் ஒரு திருடன். மனவளர்ச்சி குன்றிய பெண்ணை ஏமாற்றிப் பணம் பறிப்பவன். அவனைப் பார்த்தாலே நமக்கு எரிகிறது. 'ஓல்ட் பாய்ஸ், ஓல்ட் கேர்ள்ஸ்' கதையில் அதே சீசர் கொலைக்குற்றத்துக்காக லார்ட்டன் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். தங்கும் விடுதியில் ஒரு காலத்தில் கூட வாழ்ந்த பெண் இருக்கிறாள். ஒருநாள் அவள் அறைக்குள் போனால் இறந்து கிடக்கிறாள். அவன் யாரையும் கூப்பிடவில்லை. அந்த அறையைப் பெருக்கித் துடைக்கிறான், அவளைக் குளிப்பாட்டுகிறான், உடை மாற்றுகிறான். பக்கம் பக்கமாக இந்த வேலை மட்டும்தான். அவன் திருந்திவிட்டான் என்று ஜோன்ஸ் எங்கும் சொல்வதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நாவலில் கறுப்பினத்தவரே அடிமைகளை வைத்திருக்கிறார். இது நடந்ததா, கற்பனையா?

பதில்: நடந்தது. தென் கரோலினாவில் வில்லியம் எல்லிசன் என்பவர் அடிமையாகப் பிறந்து, பருத்தி அரவை இயந்திரம் செய்யும் தொழிலில் பணக்காரராகி, 1860இல் 63 பேரை அடிமைகளாக வைத்திருந்தார். இன்னொரு வகையும் உண்டு. விடுதலையான அடிமை 12 மாதத்துக்குள் மாநிலத்தைவிட்டுப் போக வேண்டும் என்று வர்ஜீனியாவில் 1806இல் சட்டம் போட்டார்கள். அதனால் மனைவியையோ பிள்ளையையோ விலை கொடுத்து வாங்கியவர்கள் அவர்களை விடுவிக்காமல், காகிதத்தில் தங்கள் உடைமையாகவே வைத்துக்கொண்டார்கள்.

நாவல் இந்த இரண்டு வகைக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அகஸ்டஸ் டவுன்செண்ட் தச்சு வேலை செய்து பணம் சேர்த்துத் தன்னை மீட்கிறார், பிறகு மனைவியை, கடைசியாக மகன் ஹென்றியை. அதற்குள் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. அதுவரை பையன் இருந்தது வெள்ளை முதலாளி வில்லியம் ராபின்ஸின் நிழலில். யாரைப் பார்த்து வளர்ந்தானோ அவரைப்போல் ஆகிறான். மகன் ஒரு அடிமையை வாங்கியிருக்கிறான் என்று தெரிந்ததும் அகஸ்டஸ் கைத்தடியால் அவன் தோளில் அடித்து, அடிமையின் வலி இப்படித்தான் இருக்கும் என்கிறார். ஹென்றி அந்தத் தடியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்து, முதலாளிக்கு இப்படி இருக்கும் என்கிறான். இந்த நாவலில் ஒரு பக்கம்தான் படிக்க நேரம் என்றால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். கறுப்பரும் செய்தார்கள் என்று எழுதினால் வெள்ளையர் செய்த பாவம் லேசாகிவிடாதா?

பதில்: கோபம் எதற்கு, நியாயமான சந்தேகம். எனக்குத் தெரிந்து நாவல் நேர் எதிராகப் போகிறது. ஹென்றி தன் அடிமை மோசஸோடு விளையாட்டாக மல்லுக்கட்டுவதைப் பார்த்த ராபின்ஸ் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார்: முதலாளியாக நடந்துகொள்ளும்வரைதான் சட்டம் உன் பக்கம். அதாவது அந்த அதிகாரம் ஹென்றிக்கு இரவல். பின்னால் ரோந்து போகும் வெள்ளையன் ஒருவன் அகஸ்டஸின் விடுதலைப் பத்திரத்தை வாயில் போட்டு மென்று தின்றுவிட்டு, அவரை அடிமை வியாபாரியிடம் விற்றுவிடுகிறான். இத்தனை வருட உழைப்பின் கதி அதுதான்.

அந்த வட்டாரத்தின் காவல் அதிகாரியான ஷெரிஃப் ஸ்கிஃபிங்டனையும் பாருங்கள். பைபிள் படிப்பவர், அடிமை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற கொள்கை உள்ளவர். கல்யாணப் பரிசாக ஒரு சிறுமி வந்து சேர்கிறாள். விற்க மனமில்லை, விடுவிக்கவும் இல்லை, மகள்போல் வளர்க்கிறேன் என்கிறார். நாவலில் எனக்கு அதிக எரிச்சல் தந்தவர் இவர்தான், ராபின்ஸ்கூட இல்லை.

கேள்வி: வரலாற்று மாணவன் நான். நாவலில் வரும் மக்கள்தொகைக் கணக்கு, ஆய்வாளர்களின் நூல்கள் இவற்றை என் கட்டுரையில் காட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! நாவல் நடக்கும் மான்செஸ்டர் கவுண்டி (மாவட்டம் மாதிரி) என்ற இடமே வர்ஜீனியாவில் இல்லை. அந்தக் கணக்குகள், பேராசிரியர்கள், சிறுநூல்கள் எல்லாம் ஜோன்ஸ் இட்டுக்கட்டியவை. அடிமைமுறை பற்றி நிறையப் புத்தகங்களை வாங்கி வைத்துவிட்டு, பெரும்பாலும் படிக்காமலே நாவலை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். எண்ணும் தேதியும் வறண்ட தொனியும் சேர்ந்தால் நாம் நம்பிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். மனிதர்களைச் சொத்தாகப் பதிந்துவைத்த பதிவேடுகளும் அதே தொனியில்தானே எழுதப்பட்டன?

ஷெரிஃபின் சிறைச்சாலைச் சுவரில் ஒரு பழைய உலக வரைபடம் தொங்கும். நாவலின் தலைப்பு அதிலிருந்து வந்தது. வரைந்தவர் ஹான்ஸ் வால்ட்சேமுல்லர் என்கிறது நாவல். அமெரிக்கா என்ற பெயரை 1507இல் வரைபடத்தில் போட்டவர் மார்ட்டின் வால்ட்சேமுல்லர். ஒரு பெயரை மட்டும் மாற்றி, உண்மைக்குப் பக்கத்திலேயே பொய்யை வைக்கிறார். அசல் வரைபடத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு கோடி டாலருக்கு வாங்கி முடித்தது 2003இல், நாவல் வெளிவந்த அதே வருடம்.

கேள்வி: 60 பக்கத்தில் விட்டுவிட்டேன். கதை நகர்வதற்குள் யாரோ ஒருவர் எதிர்காலத்தில் எப்படிச் சாவார் என்று சொல்லிவிடுகிறார். ஏன் இப்படி?

பதில்: எனக்கும் முதலில் அது தடுமாற்றமாகத்தான் இருந்தது. 1855இல் ஹென்றி 31 வயதில் சாகிறான். அதற்கு முன்னும் பின்னும் கதை தாவிக்கொண்டே இருக்கும். டெஸ்ஸி என்ற அடிமைச் சிறுமிக்கு அப்பா மரத்தில் பொம்மை செதுக்குகிறார். அவள் 97 வயது வரை வாழ்வாள், கடைசி நேரத்தில் அந்தப் பொம்மை அவளிடம் இருக்கும் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார் ஜோன்ஸ். அவளுடைய முதலாளியின் கணக்கில் அவள் ஒரு விலை. கதைசொல்லியின் கணக்கில் அவளுக்கு முழு ஆயுள் இருக்கிறது. தன் பாத்திரங்களுக்குத் தான் கடவுள் மாதிரி, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாம் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஜோன்ஸ் பேட்டிகளில் சொல்வதுண்டு. இதைப் பிடித்துக்கொண்டு திரும்ப முயலுங்கள். அப்படியும் ஒட்டவில்லை என்றால் சிறுகதைகள் இருக்கின்றன.

கேள்வி: பத்து வருடம் தலைக்குள்ளேயே நாவல் எழுதினாராமே?

பதில்: ஆமாம். வரிச்சட்டச் செய்திகள் வெளியிடும் 'டாக்ஸ் நோட்ஸ்' என்ற இதழில் ஏறக்குறைய 19 வருடம் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் நாவலைத் தலைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார், தாளில் சில பக்கங்களே. எழுத உட்கார்ந்த சமயத்தில் வேலை போனது. பிறகு சில மாதங்களில் முதல் வரைவை முடித்துவிட்டார். இதைப் படித்துவிட்டு யாரும் வேலையை விட வேண்டாம்.

கேள்வி: நாவலை வாங்கிவிட்டேன். பாத்திரங்களின் பெயர் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஏதாவது வழி?

பதில்: ஒரு தாளில் நான்கு வீடுகள் போடுங்கள்: அகஸ்டஸ் வீடு, ஹென்றி பண்ணை, ராபின்ஸ் பண்ணை, ஷெரிஃப் வீடு. ஆள் வர வர அந்தந்த வீட்டுக்குக் கீழே எழுதிக்கொண்டே போங்கள். ஆலிஸ் என்று ஒருத்தி வருவாள், கோவேறு கழுதை உதைத்துப் புத்தி பேதலித்தவள் என்பார்கள், இரவெல்லாம் சுற்றுவாள். அவளை மட்டும் எந்த வீட்டுக்குக் கீழும் போடாதீர்கள். ஏன் என்று கடைசி அத்தியாயத்தில் தெரியும்.