காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆச்சு, விடால் இன்னும் பாசிட்டிவ்: மறுபடி ஊசி போடணுமா?

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். கணவர் தள்ளுவண்டியில் காலை டிபன் வியாபாரம் செய்கிறார். ஒன்றரை மாதம் முன்பு விடாத காய்ச்சல். டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து 10 நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது, நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் இப்போது எடுத்த விடால் டெஸ்டில் 160, பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. "ரத்தத்தில் கிருமி இன்னும் இருக்கு, ஏழு நாள் ஊசி போடணும்" என்று பக்கத்து கிளினிக்கில் சொல்கிறார்கள். போடலாமா டாக்டர்?

போட வேண்டாம், சகோதரி. காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கும் மனிதருக்கு விடால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஊசி போடுவது தப்பு. ஆனால் உங்கள் கேள்வியில் அந்த கிளினிக்கில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அவர் தினமும் நாலு பேருக்குச் சமைத்துப் போடுகிறவர். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 160. அதைக் கிருமியின் எண்ணிக்கை என்றே பலரும் நினைக்கிறார்கள், 80 என்றால் கொஞ்சம், 320 என்றால் நிறைய என்று. அப்படி இல்லை. விடால் டெஸ்டில் கிருமியைத் தேடுவதே கிடையாது. கிருமி உள்ளே வந்தபோது அதை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ரத்தத்தைத் தெளியவிட்டு மேலே நிற்கும் நீரை எடுத்து 20 மடங்கு, 40 மடங்கு, 80, 160 என்று நீர்க்கவைத்துக்கொண்டே போய், எந்த அளவு வரை அது டைபாய்டு கிருமித் துகள்களைத் திரியவைக்கிறது என்று எழுதித் தருகிறார்கள், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகும் வாசலில் பந்தல் நிற்பது மாதிரி, கிருமி போன பிறகும் இந்தப் பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும், சிலருக்கு வருடக்கணக்கில். அதனால் குணமாகிவிட்டதா என்று பார்க்க விடால் எடுப்பதில் அர்த்தமே இல்லை. அந்த டெஸ்டை யார் எழுதிக் கொடுத்தார்களோ அவர்கள்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேசையில் ஐந்து ரிப்போர்ட்டை வரிசையாக வைத்தார், நாலு மாதத்தில் எடுத்தவை, ஐந்திலும் கிட்டத்தட்ட அதே நம்பர். மூன்று முறை ஊசி போட்டு முடித்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் புறங்கையில் நரம்பு கயிறு மாதிரி தடித்துப் போயிருந்தது. காய்ச்சல் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. அசதியாக இருக்கிறது என்றதும் லேபுக்குப் போயிருக்கிறார்கள், லேபிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து படுக்கை. அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இது 1896-ல் வந்த டெஸ்ட். சுலபம், நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், அன்றைக்கே ரிசல்ட் கிடைத்துவிடும். அதனால்தான் 'ஃபீவர் பேக்கேஜ்' என்று எல்லாவற்றையும் சேர்த்து விற்கும்போது இதையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் வரும் காய்ச்சலில் நிறைய டெங்கு, வைரஸ். எப்போதோ டைபாய்டு வந்து போனவருக்கு டெங்கு வந்தாலும் விடால் பாசிட்டிவ் காட்டலாம். உடனே "டைபாய்டும் சேர்ந்து வந்திருக்கு" என்று ஆன்டிபயாடிக் ஏறும். டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. லேப் பெயர் அச்சடித்த சீட்டில் டெஸ்ட் எழுதிக்கொடுத்து "இங்கேயே எடுங்க" என்றால், ஏன் அங்கேயே என்று கேளுங்கள். கமிஷன் இருக்கிறது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

டைபாய்டைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது. முதல் வாரத்திலேயே, ஆன்டிபயாடிக் ஒரு டோஸ்கூடப் போடுவதற்கு முன்னால், பெரியவர்களுக்குக் குறைந்தது 8, 10 மில்லி ரத்தம் எடுத்து, கிருமி வளரும் திரவம் உள்ள பாட்டிலில் ரப்பர் மூடி வழியாக ஏற்ற வேண்டும். ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட ஆகும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதும் அதில்தான் தெரியும். ஒரு காலத்தில் டைபாய்டு என்றாலே சிப்ரோஃப்ளாக்சசின்தான், இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமி அதற்கு மசிவதில்லை. ஆனால் கல்ச்சருக்கு வருவதற்குள் பாதிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சல் மாத்திரை" என்று கேட்டு, அட்டையைக் கத்தரித்துக் கொடுத்த நாலு மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள், அதற்கப்புறம் கல்ச்சரில் பெரும்பாலும் ஒன்றும் வளராது. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று தனி ரிஜிஸ்டரில் பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. 2012-ல் இதே சென்னையில் நாடு முழுக்க இருந்து மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்குச் 'சென்னை பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டன. இத்தனை வருடம் கழித்தும் எத்தனை கடையில் அந்த ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டுவார்கள்?

சரி, உங்கள் கணவருக்கு வருகிறேன். டைபாய்டு வந்த 100 பேரில் 1 முதல் 5 பேருக்கு நோய் குணமான பிறகும் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, ஆனால் மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வேறு வேலை பார்ப்பவராக இருந்தால் இதைப் பற்றி நான் இவ்வளவு பேசமாட்டேன். அவர் கையால் நாலு பேர் சாப்பிடுகிறார்கள். அதனால் அவருக்குத் தேவை மோஷன் கல்ச்சர், மலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். லேபில் "மோஷன் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் ரொட்டீன் டெஸ்டைச் செய்து தந்துவிடுவார்கள், அதில் இந்தக் கிருமி தெரியாது, 'கல்ச்சர்' என்று அழுத்திச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அது உங்களுக்கு ஆகிவிட்டது. 48 மணி நேர இடைவெளி விட்டு மூன்று முறை கொடுங்கள், மூன்றும் நெகடிவ் என்றால் நிம்மதி. உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரி என்பதால் மைக்ரோபயாலஜி துறை அங்கேயே உண்டு, அங்கே விசாரியுங்கள். இப்போது அந்த ஏழு நாள் ஊசியைப் போட்டால் கிருமி இருந்தாலும் கல்ச்சரில் தெரியாமல் போய்விடலாம். ஊசி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்ச்சரில் கிருமி வந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு வைத்தியம் வேறு. எந்த மாத்திரை கேட்கும் என்று பார்த்து நாலு வாரம் போல் கொடுப்பார்கள், வயிற்றை ஸ்கேன் செய்து கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏழு நாள் ஊசியில் அது தீராது.

ரிசல்ட் வரும்வரை அவர் சாப்பாட்டில் கை வைக்காமல் இருப்பதுதான் சரி. வண்டி ஓடாவிட்டால் வீடு ஓடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் கல்லாவை அவர் பார்த்துக்கொள்ளட்டும், கரண்டியை வேறு யாராவது பிடிக்கட்டும். ஆவியில் வெந்த இட்லியில் கிருமி தங்காது. சட்னிதான் பயம், அரைத்த பிறகு அது அடுப்பு ஏறுவதில்லை, நடுநடுவே பச்சைத் தண்ணீர் வேறு ஊற்றி இளக்குவார்கள். சட்னிக்கும் குடிப்பதற்கும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான். கக்கூஸ் போய்விட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வெறும் தண்ணீர் போதாது.

இன்னொன்று. டைபாய்டு சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4-க்கு மேல் காட்டினால் மெடிக்கல் ஷாப் பக்கம் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி போடுவதற்கு முன்பே "பிளட் கல்ச்சர் எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.